‘வேண்டாம்’ என்பதற்கு விலை வைக்காதீர்கள்

புதிதாகச் சேர்ந்த உதவி இயக்குநர்களுக்கு ஒரு பழைய கோ-டைரக்டரின் அறிவுரைகள்

கோடம்பாக்கத்தில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். கிளாப் அடித்தேன், கண்டினியூட்டி எழுதினேன், கோ-டைரக்டர் வரைக்கும் வந்தேன். டைரக்டர் ஆகவில்லை. போன மாதம் வடபழனி டீக்கடையில் ஒரு தம்பி பிடித்துக்கொண்டான். “சார், அடுத்த ஷெட்யூல்ல ஒரு பெட்ரூம் சீன் இருக்கு. ஹீரோயின்கிட்ட நீயே பேசிடுன்னு டைரக்டர் சொல்லிட்டாரு. எப்படிச் சார் பேசறது?”

டீ ஆறுகிற வரைக்கும் ஏதோ சொன்னேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஆபாசப் படம் எடுப்பதும் விற்பதும் நம் நாட்டில் குற்றம். கலிஃபோர்னியாவிலும் ஜப்பானிலும் அது சட்டம் அனுமதித்த தொழில். இரண்டுக்கும் நடுவில் நம்மிடம் காலைக்காட்சிப் படம், ‘பிட்டு’ படம் என்று ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் நானும் நின்றிருக்கிறேன். அந்தத் தொழில்களில் பெண்கள் பட்ட அடியிலிருந்து சில விதிகள் பிறந்தன. குடும்பப் படத்தில் ஒரு முத்தக்காட்சி எடுப்பவனுக்கும் அவை பொருந்தும். சர்டிபிகேட் மாறலாம், கேமரா முன்னால் நிற்கிறவரின் உடம்பு மாறாது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான். ஒருவர் ‘சரி’ என்று சொன்னால் அதற்கு எப்போது மதிப்பு? ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தாலும் அவருக்குச் சம்பளமோ வாய்ப்போ மரியாதையோ போயிருக்காது என்றால்தான். அந்த நிலைமையை உண்டாக்க வேண்டியது டைரக்டரும் தயாரிப்பாளரும். ஆனால் ஸ்பாட்டில் அது உங்கள் கையில்தான் வந்து விழும்.

1. கதை சொல்லும்போதே அந்தக் காட்சியையும் சொல்லிவிடுங்கள்

“ஒரு சின்ன ரொமான்ஸ் இருக்கு மேடம், ஸ்பாட்ல பாத்துக்கலாம்.” நம் ஊரில் இதைவிடப் பெரிய பொய் கிடையாது. யாரோடு, எந்த இடத்தில், என்ன உடையில், உடம்பில் எது தெரியும், கேமரா எங்கே இருக்கும், படத்தில் எத்தனை நொடி வரும் என்பதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். அட்வான்ஸ் வாங்கி, வேறு இரண்டு படத்தை விட்டுவிட்டு வந்தவரிடம் சொன்னால் அது தகவல் சொல்வது ஆகாது. வலை விரிப்பது.

1972இல் வந்த ‘லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்’ படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாயகி மரியா ஷ்னைடருக்கு அப்போது 19 வயது, மார்லன் பிராண்டோவுக்கு 48. அதில் வரும் வன்புணர்ச்சிக் காட்சியின் ஒரு விவரத்தைப் படப்பிடிப்பு நாள் காலையில் டைரக்டர் பெர்டோலுச்சியும் பிராண்டோவும் பேசி முடிவு செய்தார்கள். அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நடிகையாக இல்லாமல் ஒரு பெண்ணாக அவர் அவமானப்படுவது தெரிய வேண்டும் என்று நினைத்ததாக 2013இல் டைரக்டரே ஒப்புக்கொண்டார். குற்ற உணர்வு உண்டு, வருத்தம் இல்லை என்றும் சொன்னார். நடந்தது நடிப்பு, வந்த கண்ணீர் நிஜம் என்று ஷ்னைடர் 2007இல் சொல்லியிருந்தார். திரைக்கதையில் இல்லாததைச் செய்யச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது, ஏஜென்டையோ வக்கீலையோ கூப்பிட்டிருக்கலாம், அது அப்போது எனக்குத் தெரியாது என்பது அவர் சொன்ன இன்னொரு விஷயம். 2011இல் அவர் இறந்துபோனார்.

புதிதாக வரும் பெண்ணுக்கோ பையனுக்கோ அது தெரியாது. நீங்கள் சொல்லுங்கள்: “பேப்பர்ல இல்லாத எதையும் செய்யணும்னு உங்களுக்குக் கட்டாயம் இல்ல.”

2. எழுதி வாங்குங்கள், அவருக்குப் புரிகிற மொழியில்

நான் அசிஸ்டென்டாக இருந்த காலத்தில் இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர் ஒன்றை நீட்டுவோம். முழுக்க இங்கிலீஷ். “நார்மல் அக்ரிமென்ட்தாம்மா, இங்க ஒரு கையெழுத்து.” படித்துப் பார்க்கக் கேட்டவரை ‘திமிர் பிடித்தவள்’ என்போம். நகல் கொடுத்ததாக நினைவே இல்லை.

அந்தக் காட்சிக்கென்று தனியாக ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழில், அவருக்குத் தெலுங்குதான் வரும் என்றால் தெலுங்கில். என்ன செய்வார் என்பதை எழுதுகிற மாதிரியே என்ன செய்யமாட்டார் என்பதையும் எழுதுங்கள். கலிஃபோர்னியாவின் ஆபாசப் படத் தொழிலில் ஒழுங்காக நடக்கிற நிறுவனங்கள் ஒவ்வொரு நடிகரிடமும் இப்படி ஒரு ‘ஆம்–இல்லை’ பட்டியல் வாங்கி வைத்துக்கொள்கின்றன. உடம்பையே முதலாக வைத்த தொழிலில் அந்தக் கணக்கு இருக்கும்போது, நாம் ஒரு முதுகைக் காட்ட மழுப்பிக்கொண்டிருக்கிறோம்.

நகலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். இரண்டு நாள் கழித்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்த இரண்டு நாளில் அவர் அம்மாவிடம் கேட்பார், தோழியிடம் கேட்பார், தூங்கி எழுந்து தன்னையே கேட்பார்.

3. வயதைக் காகிதத்தில் பாருங்கள்

“பதினெட்டு முடிஞ்சிருச்சு சார்” என்று கூட்டி வந்தவர் சொல்வதும், மேக்கப் போட்ட முகம் சொல்வதும் கணக்கில் வராது. 1986இல் அமெரிக்க ஆபாசப் படத் தொழில் ஆட்டம் கண்டது. பெரிய நட்சத்திரமாக இருந்த ஒரு பெண், அதுவரை நடித்த படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் 18 வயதுக்கு முன்பே நடித்திருந்தார் என்பது வெளியே வந்தது. போலி அடையாளச் சான்றைக் காட்டித்தான் அவர் உள்ளே வந்திருந்தார். 1988இல் அங்கே சட்டம் வந்தது: நடிப்பவர் ஒவ்வொருவரின் வயதுச் சான்றையும் தயாரிப்பாளர் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும்.

நம் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. பதினெட்டு நிறையாதவரைப் பாலியல் காட்சியில் பயன்படுத்துவது அதன் கீழ் குற்றம். ‘நிஜமாக நடக்கவில்லை, நடிப்புதான்’ என்பது தப்பிக்கிற வழி கிடையாது. சான்று கைக்கு வராத வரைக்கும் அந்தக் காட்சியைக் கால்ஷீட்டில் போடாதீர்கள். இதில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

4. ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல்லை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள்

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று நாம் எதற்கெல்லாமோ சொல்வோம். ரூம் சரியில்லை, சாப்பாடு வரவில்லை, கேரவன் கிடையாது. அதே சொல்தான் ராத்திரி கதவைத் தட்டுவதற்கும் பயன்பட்டது. ஒரு பெண் எந்த அர்த்தத்தில் அதைக் கேட்பார் என்று யோசியுங்கள்.

2017இல் கேரள அரசு நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு குழு அமைத்தது. 2019 டிசம்பரில் தந்த அறிக்கை 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான் வெளியே வந்தது. சினிமாவில் பெண்களுக்கு முதலில் அறிமுகமாகும் சொற்களாக அது குறிப்பவை இரண்டு: ‘அட்ஜஸ்ட்மென்ட்’, ‘காம்ப்ரமைஸ்’. தன்னிடம் அத்துமீறியவனோடு மறுநாளே கணவன் மனைவியாகக் கட்டியணைத்து நடிக்க நேர்ந்த ஒரு நடிகையைப் பற்றியும் அதில் வருகிறது. முகத்தில் வெறுப்பு மறையவில்லை. ஒரே ஷாட்டுக்கு 17 டேக் போயிற்று, திட்டு விழுந்தது அவருக்கு.

அந்த யூனிட்டிலும் கிளாப் அடிக்க ஒருவன் இருந்திருப்பான். பதினேழு முறை எண் எழுதி அழித்தவன். ஒரே ஷாட் இத்தனை டேக் போகிறதென்றால் ஏதோ சரியில்லை என்று அவன் மனதுக்குப் பட்டிருக்கும். அப்போது போய் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, “என்னம்மா ஆச்சு?” என்று கேட்பவராக நீங்கள் இருங்கள்.

5. கட்டிலுக்கும் ஒரு மாஸ்டர் வேண்டும்

சண்டைக்கு ஸ்டண்ட் மாஸ்டர் இருக்கிறார். கயிறு, அட்டைப்பெட்டி, மெத்தை எல்லாம் அவர் பார்த்து வைத்த பிறகுதான் டூப் குதிப்பார். பாட்டுக்கு டான்ஸ் மாஸ்டர் இருக்கிறார், இடுப்பில் கை எந்தக் கவுன்ட்டில் போக வேண்டும் என்று அவர் சொல்வார். கட்டில் காட்சிக்கு மட்டும் “ரெண்டு பேரும் ஃபீல் பண்ணி பண்ணுங்க” என்று விட்டுவிடுவோம். கத்தியை ஃபீல் பண்ணிக் குத்தச் சொல்வோமா?

எச்.பி.ஓ.வின் ‘தி டியூஸ்’ தொடர் எழுபதுகளின் நியூயார்க் ஆபாசப் படத் தொழிலைப் பற்றியது. அதில் நடித்த எமிலி மீட், இந்தக் காட்சிகளுக்குக் கூடவே இருந்து கவனிக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். அலிசியா ரோடிஸ் வந்தார். 2018இல் அந்த நிறுவனம் தன் எல்லாத் தொடர்களின் அந்தரங்கக் காட்சிகளுக்கும் இன்டிமசி கோஆர்டினேட்டர் வைப்பதாக அறிவித்தது. மும்பையில் ஆஸ்தா கன்னா அந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் பெற்ற முதல் இந்தியர் என்று அறியப்பட்டவர். பட்ஜெட் இருந்தால் அப்படி ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

இல்லையென்றாலும் வேலை தெரிந்துகொள்ளுங்கள். நடிகர்கள் முழு உடையில் இருக்கும்போது, அவர்கள் ஒப்புக்கொள்கிற ஒருவரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒத்திகை பாருங்கள். கை எங்கே தொடங்கி எங்கே நிற்கும், முத்தம் எத்தனை எண்ணிக்கை, யார் முதலில் விலகுவது என்று நடனம் போல எண்ணி வையுங்கள். இருவர் உடம்புக்கும் நடுவில் ஒரு சின்னக் குஷன், அல்லது நாலாக மடித்த போர்வை. கேமராவுக்கு அது தெரியாது. எண்ணி வைத்ததைத் தாண்டி ஒரு விரல் நகர்ந்தாலும் அது நடிப்பில் சேராது என்று இருவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

6. தலைகளை எண்ணுங்கள்

கல்யாணக் காட்சிக்கு ஆள் கிடைக்காது. இந்தக் காட்சி என்றால் யூனிட்டில் இல்லாதவன்கூட லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். யார் உள்ளே இருக்கலாம் என்று முந்தின நாளே பெயர் எழுதுங்கள்: டைரக்டர், கேமராமேன், ஃபோகஸ் புல்லர், சவுண்டுக்கு ஒருவர், மேக்கப்புக்கும் காஸ்ட்யூமுக்கும் பெண்கள், நீங்கள். பட்டியலை நடிகரிடம் காட்டி, அவர் ஒரு பெயரை அடித்தால் காரணம் கேட்காதீர்கள். லைட் போட்டு முடித்தபின் லைட்மேன்கள் வெளியே போகட்டும்.

மறந்துவிடுகிற இடம் மானிட்டர். உள்ளே எட்டுப் பேர்தான், வெளியே கூடாரத்தில் மானிட்டரைச் சுற்றி இருபத்தைந்து பேர் என்றால் கதவைச் சாத்தி என்ன புண்ணியம்? ஒரு மானிட்டர் போதும், அதற்குக் கறுப்புத் துணி போடுங்கள். செல்போன்களை வாசலில் ஒரு கூடையில் வாங்கி வையுங்கள். முதல் போன் உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டாவது தயாரிப்பாளரின் மச்சானுடையதாக இருக்கட்டும்.

7. டவல்

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஹேர்டிரஸ்ஸர் அக்கா. எண்பதுகளின் கடைசி. அப்போதெல்லாம் யூனிட்டில் ஹீரோயினைத் தவிர இருக்கிற ஒரே பெண் அனேகமாக அவராகத்தான் இருப்பார். மழைப்பாட்டு எடுத்துக்கொண்டிருந்தோம். நடிகை வெள்ளைப் புடவையில், குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அக்கா ஃபிரேமுக்கு ஓரடி வெளியே இரண்டு கையிலும் டவலை விரித்துப் பிடித்தபடி நின்றார். ‘கட்’ என்ற சத்தம் முடிவதற்குள் டவல் தோளில் விழுந்திருக்கும். நான் ஒரு தடவை சிரித்தேன். “என்னக்கா, ஓட்டப் பந்தயமா?”

அவர் சிரிக்கவில்லை. “தம்பி, ‘ஆக்‌ஷன்’ல இருந்து ‘கட்’ வரைக்கும் அது கேரக்டர். அதுக்கப்புறம் அது அந்தப் பொண்ணு. நடுவுல எவன் பாக்கறானோ அவன் பொண்ணத் திருடறான்.”

இன்றைக்கு இருக்கிற நெறிமுறைப் புத்தகங்களில் பாதி அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. ‘கட்’டுக்கும் அடுத்த ‘ஆக்‌ஷ’னுக்கும் நடுவில் யார் மூடுவது என்று பெயர் குறித்து வேலை கொடுங்கள். ஸ்கின் டிரஸ் அளவெடுத்து இரண்டு நாள் முன்பே தைத்து வரட்டும், ஸ்பாட்டில் டேப் ஒட்டி ஒப்பேற்றாதீர்கள். பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள பாத்ரூம் இருக்க வேண்டும். கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க வேலை பார்த்த பெண்களைப் பற்றி ஹேமா குழு எழுதியிருக்கிறது. அது கேரளத்துக்கு மட்டும் உண்டான கதை இல்லை என்று உங்களுக்கும் தெரியும்.

8. ஆண் என்றால் எப்போதும் ‘சரி’ என்று அர்த்தம் இல்லை

ஹீரோவிடம் யாரும் கேட்பதில்லை. “உனக்கென்னப்பா, கொடுத்து வெச்சவன்” என்று தோளில் தட்டுவார்கள். முதல் படம் நடித்த ஒரு பையன் இப்படி ஒரு காட்சிக்கு முன்னால் மேக்கப் ரூமில் வாந்தி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். வெளியே வந்து சிரித்தான், எல்லோரும் கை தட்டினார்கள். அவனுக்கும் அதே பேப்பர், அதே பட்டியல், அதே டவல்.

9. டூப்பும் துணை நடிகையும்

ஹீரோயின் முடியாது என்றால் உடனே “டூப் போட்டுக்கலாம்” என்பார்கள். ஹீரோயின் சொன்ன ‘வேண்டாம்’ அப்படியே கீழே இறங்கி, அதைச் சொல்ல முடியாத ஒருத்தி தலையில் விழுகிறது. ஏஜென்ட் வேனில் ஏற்றி வருவார். எதற்கு என்று வந்தபிறகுதான் தெரியும். பேட்டாவை விட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. அவர் ‘சரி’ சொல்வது பசி சொல்வது.

ஏஜென்ட் வழியாகப் பேசாதீர்கள், நேரில் பேசுங்கள். பெயரைக் கேளுங்கள், “ஏம்மா” என்று கூப்பிடாதீர்கள். முக்கியமாக இதைச் சொல்லுங்கள்: “பிடிக்கலன்னா கூட்டத்துல நிக்கற வேலை தர்றேன், இன்னிக்குப் பேட்டா குறையாது.” சொன்னபடி செய்யுங்கள். எந்த ஹீரோயினின் முகத்தோடு தன் உடம்பைச் சேர்க்கப் போகிறார்கள் என்பது டூப்புக்குத் தெரிய வேண்டும். தன் முகத்தோடு வேறு உடம்பு சேரப் போகிறது என்பது ஹீரோயினுக்கும் தெரிய வேண்டும். இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

10. “ஓகேவா மேடம்?” என்று கேட்காதீர்கள்

லைட் ரெடி, அறுபது பேர் காத்திருக்கிறார்கள், ஹீரோவுக்கு ஆறு மணிக்கு ஃபிளைட். அப்போது போய் “ஓகேவா மேடம்?” என்றால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. மேக்கப் போடுவதற்கு முன், தனியாக, வேறு மாதிரி கேளுங்கள்: “நேத்துப் பேசினதுல எதையாவது மாத்தலாமா?” இப்படிக் கேட்டால் ‘இது வேண்டாம்’ என்று சொல்வது சுலபம், ஏனென்றால் மாற்றுவது சகஜம் என்று கேள்வியே சொல்லிவிடுகிறது.

பயந்துபோன மனிதர் கத்தமாட்டார். விறைத்துப்போவார், பார்வை எங்கோ குத்திட்டு நிற்கும், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார். அது சம்மதம் ஆகாது. அப்போது நிறுத்துங்கள். ‘கட்’ சொல்லும் உரிமை அந்த ஒரு காட்சிக்கு நடிகர்களுக்கும் உண்டு என்று யூனிட் முழுவதும் கேட்க டைரக்டரைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஜப்பான் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. 2022 ஏப்ரலில் அங்கே மேஜர் வயது 20இலிருந்து 18 ஆனது. ஏமாந்து ஆபாசப் பட ஒப்பந்தத்தில் சிக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அதுவரை அதை ரத்து செய்ய இருந்த வழி அதோடு அடைபட்டது. கூச்சல் எழுந்து, ஜூன் மாதமே புதுச் சட்டம் நிறைவேறியது. ஒப்பந்தம் போட்டு 1 மாதம் ஆகாமல் படம் எடுக்கக்கூடாது. எடுத்து முடித்து 4 மாதம் ஆகாமல் வெளியிடக்கூடாது. வெளியான பிறகும் 1 வருஷம் வரை, காரணமே சொல்லாமல், நடித்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். நஷ்டஈடு கேட்க முடியாது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் ஸ்பாட்டில் ஒரு செயலை மறுக்கலாம். இத்தனை மாதம் காத்திருந்தால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களே சிலர் எதிர்த்தார்கள். அந்தக் குறையும் நியாயமானதுதான். ஆனாலும் மனதை மாற்றிக்கொள்ள மனிதருக்கு நேரம் வேண்டும் என்பதை ஒரு நாடு மாதக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறது. நாம் அரை மணி நேரம் கொடுக்க யோசிக்கிறோம்.

11. பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்

கலிஃபோர்னியாவின் சான்டியாகோவில் ஒரு ஆபாச இணையதளத்தை நடத்தியவர்கள் மாடலிங் என்று விளம்பரம் செய்து இளம்பெண்களை வரவழைத்தார்கள். படம் இணையத்தில் வராது, வெளிநாட்டில் டிவிடியாக மட்டும் விற்கும் என்றார்கள். படிக்க நேரம் தராமல் கையெழுத்து வாங்கினார்கள். படம் இணையத்தில் வந்தது. பெயரும் ஊரும் பரவின. 22 பெண்கள் வழக்குப் போட்டு, 2020 ஜனவரியில் ஏறக்குறைய 1.3 கோடி டாலர் தீர்ப்பு வாங்கினார்கள். காகிதத்தில் எல்லாம் பக்காவாகத்தான் இருந்தது. காகிதத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தை பொய் என்பதால் சம்மதமும் செல்லாமல் போயிற்று.

நமக்குப் பாடம் இது: கையெழுத்து மட்டும் சம்மதம் ஆகாது, அது எந்த நெருக்கடியில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காட்சிக்கான சம்பளம் அது முடியும்வரை நிலுவையில் இருக்கக்கூடாது. “சீன் முடிச்சுட்டு செட்டில்மென்ட் வாங்கிக்கோங்க” என்றால், அவர் கேமராவைப் பார்த்து ‘நான் மனமுவந்து நடித்தேன்’ என்று சொன்னாலும் அதைச் சொல்வது செக்குக்குக் காத்திருக்கும் ஒருவரின் வாய். எங்கே வெளியாகும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்: தியேட்டரா, ஓடிடியா, யூடியூபில் தனி கிளிப்பாகப் போடுவீர்களா, போஸ்டரில் வருமா.

12. எடுத்த காட்சிக்குக் காவல் இருங்கள்

2000இல் ‘கின்னாரத் தும்பிகள்’ என்ற மலையாளப் படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, அந்தப் பாணியில் படமெடுக்க ஆளாளுக்குக் கிளம்பினார்கள். அப்படி ஒரு கம்பெனியில் நான் ஆறு மாதம் இருந்தேன். மகள் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. தென்மாவட்டத்துப் பெண் ஒருவர், தங்கை வேஷம். ஆற்றில் குளிக்கும் காட்சி, கழுத்துவரை தண்ணீர். கையெழுத்து வாங்கியவன் நான். சொன்னபடிதான் எடுத்தோம்.

படம் வெளியானது. சில தியேட்டர்களில் ஆபரேட்டர்கள் அந்த ஆற்றுக் காட்சிக்கு நடுவில் வேறு எங்கோ, வேறு யாரையோ வைத்து எடுத்த ‘பிட்டை’ ஒட்டி ஓட்டினார்கள். முகம் தெரியாத உடம்பு. முகம் இந்தப் பெண்ணுடையது. ஊரில் அண்ணன் நண்பர்களோடு அந்தக் காட்சிக்குப் போயிருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அழவில்லை. “அண்ணே, அது நான் இல்லேன்னு உங்களுக்குத் தெரியும்ல? எங்க ஊருக்கு வந்து எங்க அம்மாட்ட ஒரு வார்த்த சொல்றீங்களா?” ஷூட்டிங் இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். நான் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். எடுக்கச் சம்மதித்தது வேறு, காட்டச் சம்மதித்தது வேறு. நம் சட்டமே இதைச் சொல்கிறது. 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவாக இருக்கும் விதியின்படி, அந்தரங்கப் படத்தை எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம்.

அந்தக் காட்சியின் ஹார்டு டிஸ்க் யார் கையில் என்று எழுதி வையுங்கள். எத்தனை நகல், எடிட்டிங்கில் யார் பார்ப்பார் என்று எழுதுங்கள். பயன்படாத டேக்குகளை அழித்துவிட்டு, அழித்ததை நடிகருக்குத் தெரியப்படுத்துங்கள். எடிட் முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு அந்தக் காட்சியைக் காட்டுங்கள். அன்று ஆபரேட்டர் கத்தரிக்கோலால் செய்ததை இன்று ஒரு பையன் செல்போனில் செயலி வைத்துச் செய்கிறான். ஹாலிவுட் நடிகர்கள் 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு ஒரு காரணம், கம்ப்யூட்டரில் தங்கள் உருவத்தை உண்டாக்கத் தங்கள் சம்மதம் வேண்டும் என்பது. முகத்தையோ உடம்பையோ குரலையோ அப்படி உருவாக்கமாட்டோம் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் சேருங்கள். எங்காவது கசிந்தால், புகார் கொடுத்தால் சமூக வலைத்தளம் அதைக் குறித்த கெடுவுக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. அந்தப் புகாரை எழுத அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

13. புகார் என்று வந்தால்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு படத்தின் தயாரிப்பு யூனிட்டுக்கும் அது பொருந்தும் என்று 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் யூனிட்டில் அந்தக் குழுவில் யார் யார், போன் நம்பர் என்ன என்பதைக் கால்ஷீட்டின் அடியில் அச்சடியுங்கள். யாராவது உங்களிடம் வந்து சொன்னால் “அவர் அப்படிப்பட்டவர் இல்லையே” என்று ஆரம்பிக்காதீர்கள். கேளுங்கள், தேதி போட்டு எழுதுங்கள், எங்கே போக விரும்புகிறார் என்று கேட்டு அங்கே கூட்டிப்போங்கள்.

14. நாற்பது நிமிடம்

நான் வேலை பார்த்த கடைசிப் படத்துக்கு முந்தின படம். ஒரு பழைய பங்களா, முதல் மாடி, ராத்திரி ஒன்பது மணி. பேசி, எழுதி, ஒத்திகை பார்த்து எல்லாம் ஆயிற்று. முதல் டேக்குக்குக் கிளாப் அடிக்கப் போகும்போது அந்தப் பெண் கையை உயர்த்தினார்.

“சார், இன்னிக்கு வேண்டாம்.”

டைரக்டர் இளைஞன், இரண்டாவது படம். என்னைப் பார்த்தான். எனக்கு ஆபீஸ் வாசலில் நின்ற இன்னொரு பெண் ஞாபகம் வந்தார். “டீ பிரேக்” என்று கத்தினேன். டவல் தோளில் விழுந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. காஸ்ட்யூம் பெண் மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் கீழே போய் புரொடக்‌ஷன் மேனேஜரிடம், மொட்டைமாடி சீனை முன்னால் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கணக்குப் போட்டார், சரி என்றார். லைட்டை மாடிக்கு ஏற்ற நாற்பது நிமிடம் ஆயிற்று.

அந்தப் பெண் மொட்டைமாடி சீனை நடித்து முடித்தார். ஏன் வேண்டாம் என்றார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று நாள் கழித்து அவரே வந்து, “இன்னிக்கு எடுக்கலாம் சார், அந்தத் தோள்பட்டை ஷாட் மட்டும் வேண்டாம்” என்றார். அது இல்லாமல் எடுத்தோம். இரண்டே டேக்.

வடபழனித் தம்பிக்குச் சொல்ல மறந்தது இதைத்தான். ஹீரோயினிடம் போய் எப்படிப் பேசுவது என்று அப்புறம் யோசிக்கலாம். அவர் வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் எடுக்க வேறு ஒரு சீனை முதலில் தயாராக வைத்துக்கொள்.